பிராய்லர் தீவனத்தில் மூலிகையும் காளானும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கறிக்கோழி வளர்ப்பவர்கள் மூலிகைத் தீவனம் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளையும், கேட்காமல் செய்துவிட்டு நஷ்டப்பட்ட பிறகு சொன்ன விஷயங்களையும் சேர்த்து இதை எழுதியிருக்கிறேன். காளானுக்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அதில்தான் குழப்பமும் அதிகம், கவனிக்காமல் விட்ட நல்ல விஷயமும் அதிகம்.

மஞ்சளும் பூண்டும் போட்டால் ஆன்டிபயாடிக்கே வேண்டியதில்லையா?

எந்த ஆன்டிபயாடிக் என்று முதலில் பிரித்துக்கொள்வோம். நோய் வந்த கோழிக்குக் கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுப்பது ஒரு வகை. நோயே இல்லாத கோழிக்கு, எடை கூடட்டும் என்று தினமும் சிறிய அளவில் தீவனத்தில் கலப்பது இன்னொரு வகை.

இந்த இரண்டாவது வழக்கம் 1940களின் கடைசியில் தொடங்கியது. குளோர்டெட்ராசைக்ளின் தயாரித்தபோது மிஞ்சிய கசடைத் தின்ற குஞ்சுகள் வேகமாக வளர்ந்ததைக் கண்டார்கள். அதற்கப்புறம் அரை நூற்றாண்டு உலகம் முழுக்க இதே கதைதான். விளைவாக, மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகின. சுவீடன் 1986லேயே இதற்குத் தடை போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முழுவதும் நிறுத்தியது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை வளர்ச்சிக்காகக் கொடுப்பதை அமெரிக்கா 2017இல் நிறுத்தியது.

மூலிகையும் காளானும் நிரப்ப முயல்வது இந்த இரண்டாவது இடத்தைத்தான். முதல் இடத்தை அவற்றால் நிரப்ப முடியாது. கொட்டகையில் ஈகோலி தொற்று பரவிக் கோழி சாகும்போது பூண்டுத் தண்ணீர் வைத்துக்கொண்டு காத்திருப்பது அந்தக் கோழிகளுக்கு நாம் செய்யும் கொடுமை. மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இவை கோழிக்குள் போய் என்னதான் செய்கின்றன?

வேலை பெரும்பாலும் குடலிலேயே நடக்கிறது. பிராய்லரின் குடல் வழியாகத் தீவனம் சில மணி நேரத்துக்குள் கடந்து போய்விடுகிறது. அந்தக் குறுகிய நேரத்தில் செரிமானம் ஒழுங்காக நடக்க வேண்டும், சத்தை உறிஞ்சும் குடல் சுவரின் நுண்விரல்கள் உயரமாக, கிழிசல் இல்லாமல் இருக்க வேண்டும், கெட்ட கிருமி பெருகாமல் இருக்க வேண்டும். வாசனை அதிகமுள்ள மூலிகைகளின் எண்ணெய், சில பாக்டீரியாக்களின் மேலுறையைச் சேதப்படுத்துகிறது. கார, கசப்புப் பொருட்கள் செரிமான நீர்களைத் தூண்டுகின்றன. மஞ்சள், நெல்லி போன்றவை ஆக்சிஜனேற்றத்தால் வரும் சேதத்தைக் குறைக்கின்றன. காளானின் வேலை இதிலிருந்து வேறுபட்டது, கீழே வருகிறது.

ஒன்றை மனதில் வையுங்கள். கிருமி அழுத்தமே இல்லாத சுத்தமான கொட்டகையில் இவற்றின் பலன் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியதாக இருக்கலாம். நெருக்கடி, வெயில், தரையில் பரப்பிய பழைய கூளம் என்று ஏதாவது தொல்லை இருக்கும் இடத்தில்தான் வித்தியாசம் தெரியும். ஒருவருக்குப் பலித்தது இன்னொருவருக்குப் பலிக்காததற்குப் பாதிக் காரணம் இது.

புதிதாகத் தொடங்குகிறேன். எதைப் போடலாம்?

மஞ்சள்தூள் அல்லது பூண்டுத்தூள். இரண்டில் ஒன்றை மட்டும். 100 கிலோ தீவனத்துக்கு அரை கிலோ, அதாவது 0.5 சதவீதம். இந்த அளவுதான் ஆய்வுகளில் அதிகம் சோதிக்கப்பட்டது, விபரீதமும் இல்லை. எட்டு மூலிகையை ஒரே நாளில் கலந்துவிட்டால், எது வேலை செய்தது என்று உங்களுக்கு எந்தக் காலத்திலும் தெரியாது.

மஞ்சளில் குர்குமின் உடம்பில் சேராது என்கிறார்களே?

சரிதான். மஞ்சளில் சுமார் 3 சதவீதம்தான் குர்குமின், அதிலும் ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. ஆனால் நமக்கு வேலை குடலில்தான் என்பதால் ரத்தத்துக்குப் போகாதது பெரிய நஷ்டமில்லை. மிளகு சேர்த்தால் அதிலுள்ள பைப்பரின் குர்குமினை உள்ளே இழுக்க உதவும். அதற்காக மிளகைக் கிலோ கணக்கில் வாங்க வேண்டாம், செலவு தாங்காது.

மஞ்சளுக்கு ஒரு கூடுதல் பயன் உண்டு. பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு கலந்த தீவனத்தால் வரும் ஈரல் பாதிப்பை அது ஓரளவு குறைப்பதாகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. இதைக் கேட்டுவிட்டுப் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை மஞ்சள் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். குறைப்பது வேறு, நீக்குவது வேறு.

பூண்டைப் பச்சையாகக் கொடுப்பதா, காயவைத்துப் பொடியாகவா?

பூண்டுப் பல்லை முழுதாக மூக்கருகே வைத்துப் பாருங்கள், வாசனை பெரிதாக இருக்காது. நசுக்கிய மறுநொடி மூக்கைத் துளைக்கும். முழுப் பல்லில் அல்லீன் என்ற பொருள் ஓர் அறையிலும், அதை மாற்றும் நொதி இன்னோர் அறையிலும் இருக்கின்றன. நசுக்கும்போது சுவர் உடைந்து இரண்டும் சந்தித்து அல்லிசின் உருவாகிறது. கிருமியை எதிர்ப்பது இந்த அல்லிசின். அது நெடுநேரம் நிற்பதில்லை, சூட்டையும் தாங்குவதில்லை.

ஆகவே பச்சைப் பூண்டு என்றால் நசுக்கி அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். முதல் நாள் அரைத்து வைத்த விழுதுக்கு அவ்வளவு வீரியம் இருக்காது. பொடி என்றால், மெல்லிய சீவலாக்கி நிழலிலோ 50 டிகிரிக்கு மேல் போகாத உலர்த்தியிலோ காயவைத்து அரைத்ததாக இருக்க வேண்டும். அதிலுள்ள நொதி சாகாமல் இருந்தால், கோழியின் கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் ஈரம் பட்டதும் மறுபடி அல்லிசின் உண்டாகும். வறுத்த வாசனை வரும் பூண்டுப் பொடியைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு எந்தச் செடிகளை நம்பலாம்?

என் அனுபவத்திலும் படித்ததிலும் நம்பிக்கை தந்தவை இவை.

ஓமம். வெளிநாட்டுத் தீவனச் சேர்க்கைகளில் ஆரிகானோ எண்ணெய், தைம் எண்ணெய் என்று போட்டிருக்கும். அவற்றின் சக்தி கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு பொருட்களில் இருக்கிறது. ஓம எண்ணெயில் முக்கியப் பங்கு தைமால்தான். எண்ணெயாகச் சேர்த்தால் ஒரு கிலோ தீவனத்துக்கு 100 மில்லிகிராம் போன்ற நுண்ணிய அளவே போதும். அதைக் கையால் சீராகக் கலப்பது நடக்காத காரியம். அதனால் விதையைப் பொடித்துப் போடுவதுதான் சிறு பண்ணைக்குச் சரி.

கருஞ்சீரகம் 0.5 முதல் 1 சதவீதம் வரை. இதிலுள்ள தைமோகுயினோன் நோய் எதிர்ப்புக்கு நல்லது என்று பல ஆய்வுகள் ஒரே திசையில் சொல்கின்றன.

நெல்லிக்காய்ப் பொடி வெயில் காலத்துக்கு. நிலவேம்பு கடும் கசப்பு, ஆனால் தாய்லாந்தில் கோழிப் பண்ணைகளில் பயன்படுகிறது. 0.2 சதவீதத்துக்கு மேல் நான் போகச் சொல்வதில்லை. கீழாநெல்லியை ஈரலுக்காகச் சேர்ப்பவர்கள் உண்டு, தவறில்லை. வெந்தயத்தில் கொழகொழப்பு அதிகம், அளவு கூடினால் எச்சம் ஒட்டத் தொடங்கும்.

முருங்கைக் கீரையில் புரதம் அதிகமாயிற்றே. சோயாவைக் குறைத்துவிடலாமா?

காய்ந்த முருங்கை இலையில் புரதம் 25 சதவீதத்தை ஒட்டி இருக்கும். சோயாப் புண்ணாக்கில் 44 முதல் 48. நார்ச்சத்தோ முருங்கையில் கூடுதல். ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டிய கோழிக்கு நாரை ஊட்டிக்கொண்டிருக்க முடியாது. 2 அல்லது 3 சதவீதம் போடுங்கள். தோலும் காலும் மஞ்சளாக, பார்க்க நன்றாக வரும். 5ஐத் தாண்டினால் பெரும்பாலும் எடை இறங்கும்.

வேப்பிலை?

வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதில் நான் பட்டிருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு பேட்ச்சுக்கு வேப்பிலைப் பொடி 2 சதவீதம் கலந்தேன். காலையில் போட்ட தீவனம் மதியத்துக்கும் அப்படியே இருந்தது. கோழிகள் வரும், இரண்டு கொத்து கொத்தும், தலையை உதறிவிட்டுப் போய்விடும். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் தின்னாமல் விட்ட எடையைப் பிராய்லர் திரும்பப் பிடிப்பதற்குள் விற்கும் நாள் வந்துவிடுகிறது. இப்போது வேப்பிலை என்றால் 0.25 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். வேப்பங்கொட்டையும் வேப்பெண்ணெயும் தீவனத்தில் சேரவே கூடாது.

மிளகாய்த்தூள் போட்டால் குடல் எரியாதா?

கோழிக்குக் காரம் தெரியாது. நமக்கு எரிச்சலை உணர்த்தும் நரம்பு வாங்கி பறவைகளிடமும் இருக்கிறது, ஆனால் அது மிளகாயின் கேப்சைசினுக்கு அசைவதில்லை. பறவைகள் மிளகாய்ப் பழத்தைச் சாதாரணமாகத் தின்று விதை பரப்புவது இதனால்தான். கவலைப்பட வேண்டியது காரத்துக்கு இல்லை, பூசணத்துக்கு. சரியாகக் காயாத மிளகாய் வற்றலில் அஃப்ளாடாக்சின் எளிதில் வரும். சொத்தை வற்றல் மலிவாகக் கிடைக்கிறது என்று கோழிக்கு வாங்காதீர்கள்.

காளானில் அப்படி என்ன இருக்கிறது?

காளான் செடி அல்ல, பூஞ்சை. அதன் செல் சுவரில் பீட்டா குளூக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலியும் கைட்டினும் இருக்கின்றன. பீட்டா குளூக்கன் என்றதும் தீவனம் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். பார்லியில் உள்ள பீட்டா குளூக்கன் குடலில் பசைபோல் கெட்டியாகி, எச்சத்தைப் பிசுபிசுக்கச் செய்து, கூளத்தை நனைத்துவிடும். அதற்கென்றே நொதி கலப்பார்கள். பெயர் ஒன்றுதான், ஆனால் காளானின் பீட்டா குளூக்கன் கட்டமைப்பில் வேறு. பார்லியுடையது 1,3 மற்றும் 1,4 பிணைப்புகளால் ஆனது. காளானுடையது 1,3 சங்கிலியில் 1,6 கிளைகள் விட்டது.

அந்தக் கிளைவிட்ட வடிவம் கோழியின் நோய் எதிர்ப்புச் செல்களுக்கு நன்றாகப் பழக்கமான அடையாளம். பூஞ்சை உள்ளே வந்துவிட்டது என்று நினைத்து, குடல் சுவரை ஒட்டிக் காவல் இருக்கும் விழுங்கு செல்கள் விழித்துக்கொள்கின்றன. உண்மையில் வந்தது சமையல் காளான், ஆபத்தில்லை. ஆனால் விழித்த காவல் விழித்ததுதான், பிறகு வரும் நிஜமான கிருமியை அது வேகமாகச் சந்திக்கிறது. செரிக்காமல் மிஞ்சும் பகுதி குடல்வால்களுக்கு (கோழிக் குடலின் கடைசிப் பகுதியில் உள்ள இரண்டு பைகள்) போய் அங்குள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. இவை தவிர எர்கோதயோனின் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள் காளானில் தாராளமாக உண்டு. செடிகளில் அது அரிது.

அப்படியென்றால் நிறையப் போடலாமே என்று தோன்றும். கூடாது. எதிர்ப்புச் சக்தியை எந்நேரமும் விழிக்க வைப்பதற்குச் செலவாகும் சத்து, கோழியின் நெஞ்சுக் கறிக்குப் போக வேண்டிய சத்து. அளவு மீறினால் கோழி ஆரோக்கியமாகவும் சிறியதாகவும் நிற்கும்.

எந்தக் காளான்? எவ்வளவு? எப்படித் தயாரிப்பது?

சிப்பிக் காளானும் மொட்டுக் காளானும் எளிதில் கிடைப்பவை. ஷிடேக், ரெய்ஷி இரண்டும் மருத்துவக் குணத்துக்குப் பேர்போனவை, ஆனால் கோழிக்குப் போடும் விலையில் இருக்காது. உலர்ந்த பொடியாக 1 சதவீதம் நல்ல தொடக்கம், 2ஐத் தாண்ட வேண்டாம். மொட்டுக் காளானை இந்த இரண்டு அளவிலும் பிராய்லருக்குக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள்.

பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 10 கிலோ வாங்கினால் 1 கிலோ பொடிதான் வரும். விற்பனைக்குரிய காளானை வாங்கிக் காயவைத்தால் கணக்கு உதைக்கும். ஆனால் காளான் வளர்ப்பவர்கள் அறுவடையில் வெட்டித் தள்ளும் காம்பு, உடைந்த தொப்பி, வடிவம் கெட்ட கொத்து எல்லாம் தினமும் குப்பைக்குப் போகின்றன. பீட்டா குளூக்கன் காம்பிலும் இருக்கிறது, அழகு பார்த்துக் குறைவதில்லை. பக்கத்தில் காளான் வளர்ப்பவர் இருந்தால் பேசி வையுங்கள். என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே உருப்படியான யோசனை இதுதான்.

காம்பை வாங்கிய அன்றே கிழித்து, அடியில் ஒட்டிய வைக்கோலை நறுக்கி எறிந்துவிட்டு, பரப்பிக் காயவைக்க வேண்டும். குவித்து வைத்தால் ஒரே இரவில் வழுவழுப்பாகி நாற்றம் அடிக்கும், அது தீவனத்துக்கு ஆகாது. விரலால் வளைத்தால் வளையாமல் ‘படக்’கென்று உடைய வேண்டும், அதுதான் பதம். தோல்போல் வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, அரைத்து மூடி வைத்தால் கட்டி கட்டும். அரைத்த பொடி ஈரத்தைச் சட்டென்று இழுக்கும் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில், இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து வைப்பது நல்லது.

காளானில் புரதம் 25, 30 சதவீதம் என்று போட்டிருக்கிறார்களே?

ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து, 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுவார்கள். காளானின் கைட்டினிலும் நைட்ரஜன் இருக்கிறது, அது புரதமில்லை. அதனால்தான் காளானுக்கு 4.38ஆல் பெருக்குவது வழக்கம். 6.25 போட்டு 30 வந்தால் 4.38 போட்டால் 21தான். எப்படியும் 1 சதவீதம் சேர்க்கும் பொருளிடம் புரதத்தை எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

வெயிலில் வைத்த காளானில் வைட்டமின் டி கூடுமாமே?

கூடும், ஆனால் அது டி2. கோழியின் உடம்பு டி2வை மிக மோசமாகத்தான் பயன்படுத்தும், டி3யோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு பயன்கூட இராது. பிரீமிக்ஸில் (தீவனத்தில் சேர்க்கும் வைட்டமின், தாதுக் கலவை) உள்ள டி3யைக் குறைத்துவிட்டுக் காளானை நம்பினால் கால் வளைந்த கோழிகள்தான் மிஞ்சும்.

அறுவடை முடிந்த காளான் படுக்கையைக் கோழிக்குப் போடலாமா?

பிராய்லருக்கு வேண்டாம். காளான் வைக்கோலைக் கொஞ்சம் இளக்கியிருக்கும், ஆனாலும் அது வைக்கோல்தான். பழைய படுக்கையில் பச்சைப் பூசணம் வந்திருக்கும், சுண்ணாம்பு, மருந்து தெளித்த மிச்சம் இருக்கும். மொட்டுக் காளான் படுக்கை இன்னும் மோசம், அந்தக் கம்போஸ்ட்டில் பெரும்பாலும் கோழி எருவே சேர்க்கப்படுகிறது. அதைத் திரும்பக் கோழிக்கு ஊட்டுவதா? தோட்டத்துக்குப் போடுங்கள்.

மழைக்கு முளைக்கும் காட்டுக் காளான்?

ஒருபோதும் கூடாது. சில நச்சுக் காளான்களின் விஷம் வேகவைத்தாலும் காயவைத்தாலும் போகாது. கோழிக்கும் ஆபத்து, அந்தக் கறியைச் சாப்பிடுபவருக்கும் ஆபத்து. கூடவே சொல்லிவிடுகிறேன்: அரளி, ஊமத்தை, உண்ணிச்செடி எதுவும் மூலிகை என்ற பெயரில் கொட்டகைப் பக்கம் வரக்கூடாது. சூபாபுல் இலையிலும் மைமோசின் என்ற நச்சு உண்டு.

இதெல்லாம் கட்டுபடியாகுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கோழி 2.2 கிலோவுக்கு வளர்கிறது, எஃப்.சி.ஆர் (ஒரு கிலோ எடைக்குத் தின்னும் தீவனம்) 1.65 என்று வைத்துக்கொள்வோம். அது தின்ற தீவனம் 3.63 கிலோ. அதில் 0.5 சதவீதம் மூலிகை என்றால் 18 கிராம். இந்த 18 கிராமால் எஃப்.சி.ஆர் 1.60க்கு இறங்கினால், அதே எடைக்கு 3.52 கிலோ தீவனம் போதும். மிச்சம் 110 கிராம்.

18 கிராம் மூலிகை 110 கிராம் தீவனத்தை மிச்சப்படுத்துகிறது. அதாவது மூலிகையின் கிலோ விலை தீவனத்தின் கிலோ விலையைப்போல் ஆறு மடங்குக்குள் இருந்தால் லாபம், மேலே போனால் நஷ்டம். காளான் 1 சதவீதம் போட்டால் 36 கிராம், அப்போது மூன்று மடங்குதான் எல்லை. இறப்பு குறைந்தால் அது கூடுதல் வரவு. உங்கள் ஊர் விலையை இதில் போட்டுப் பாருங்கள், பளபளப்பான பாக்கெட்டுகள் பலவும் இந்த ஒரு வரிக் கணக்கில் தோற்றுப்போகும்.

எப்படிக் கலப்பது? நேராகக் கொட்டிக் கிளறினால் போதுமா?

போதாது. ஒருமுறை ஒரு பண்ணையில் தீவனத் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தேன். மேலே இருந்த மக்காச்சோளக் குருணையையெல்லாம் கோழிகள் பொறுக்கித் தின்றிருந்தன. தட்டின் அடியில் விரல் மொத்தத்துக்குப் பச்சைப் பொடி, எச்சில் ஈரத்தில் அடைபோல் இறுகிக் கிடந்தது. பண்ணைக்காரர் மூன்று வாரமாக மூலிகை போட்டதாக நம்பிக்கொண்டிருந்தார். கோழிகள் அதைத் தொடவே இல்லை. அதே பொடியோடு தாது உப்பும் வைட்டமினும் அடியில் தங்கியிருந்தன, அது இன்னும் பெரிய இழப்பு.

முதலில் மூலிகைப் பொடி ஒரு பங்குக்கு மக்காச்சோள மாவு ஒன்பது பங்கு சேர்த்து நன்றாகப் பிசறிக்கொள்ளுங்கள். அப்புறம் அதை மொத்தத் தீவனத்தில் கலக்கவும். தூள் தீவனம் என்றால் எண்ணெயை இந்த முதல் கலவையில் கொஞ்சம் தெளித்தால் பொடி குருணையில் ஒட்டிக்கொள்ளும், தட்டில் இறங்காது. மொத்தச் சேர்க்கை 1 சதவீதத்தைத் தாண்டினால் தீவனத்தின் சக்தியும் புரதமும் அந்த அளவு நீர்த்துப்போகும், சூத்திரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

நான் பெல்லட் (அழுத்திச் செய்த குச்சி) தீவனம்தான் வாங்குகிறேன்.

பெல்லட் அடிக்கும்போது சூடு 80 டிகிரியைச் சுற்றி இருக்கும். வாசனை எண்ணெய் ஆவியாகும், பூண்டின் நொதி செத்துப்போகும். மஞ்சளும் காளானும் அந்தச் சூட்டை ஓரளவு தாங்கும். வாங்கிய பெல்லட் மேல் பொடி தூவினால் அடியில்தான் சேரும். சிறிது தாவர எண்ணெயில் குழைத்துப் பூசலாம், அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும். ஒப்பந்தத்துக்கு வளர்ப்பவர்கள் தீவனம் கொடுக்கும் தரப்பிடம் கேட்காமல் எதையும் சேர்க்க வேண்டாம்.

தண்ணீரில் கலந்து கொடுத்தால் எளிதாயிற்றே?

எளிதுதான். கோழி தின்னும் தீவனத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், எனவே அளவைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் வடிகட்டாத கஷாயம், கோழி கொத்திக் குடிக்கும் குழாய் முனையான நிப்பிளை அடைக்கும், குழாய்க்குள் வழுக்கலான படலம் வளரும். நிப்பிள் இருந்தால் வடிகட்டிய சாறு மட்டும், நான்கைந்து மணி நேரத்துக்குள் தீரும்படி, கடைசியில் குழாயை நல்ல தண்ணீரால் அலச வேண்டும்.

தண்ணீர் வழியாகத் தடுப்பூசி போடும் நாளிலும் அதன் முன்பின் நாட்களிலும் தண்ணீரில் எந்த மூலிகையும் கூடாது. ராணிக்கெட், கம்போரோ நோய்களுக்கு இப்படிக் கொடுக்கும் தடுப்பூசிகளில் இருப்பது உயிருள்ள வைரஸ். தண்ணீரில் உள்ள குளோரினே அதைக் கொல்லும். கிருமியை எதிர்க்கும் சாறு அதை என்ன செய்யும் என்று சோதித்துப் பார்க்கும் இடம் உங்கள் கொட்டகை இல்லை.

ரத்தக் கழிச்சல் வந்துவிட்டது. எந்த மூலிகை கொடுக்கட்டும்?

வந்த பிறகு மூலிகை இல்லை, மருந்துதான், அதுவும் உடனே. ஐமீரியா ஒட்டுண்ணி குடல் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போதுதான் ரத்தம் தெரிகிறது, அதற்குள் சேதம் முடிந்திருக்கும். தைமால், கார்வக்ரால் உள்ள எண்ணெய்கள் முன்கூட்டியே கொடுத்தால் பாதிப்பை ஓரளவு குறைக்கின்றன, ஆனால் இந்த ஒட்டுண்ணிக்கென்றே உள்ள காக்சி மருந்துக்கு நிகராகச் சொல்ல முடியாது. வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்கைத் தடை செய்த ஐரோப்பாவே தீவனத்தில் காக்சி மருந்துகளை இன்றும் அனுமதிக்கிறது.

கூளத்தைக் கையில் அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், ஒட்டுண்ணி முட்டைகள் முதிர்வதற்கு ஏற்ற இடம். அதைக் கிளறிக் காயவைப்பதற்கு ஈடான மூலிகை எனக்குத் தெரியாது.

வெயில் காலத்துக்குத் தனியாக ஏதாவது?

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தள்ளும். வைட்டமின் சியைத் தானே தயாரித்துக்கொள்ளும் பறவை அது, ஆனால் கடும் வெயிலில் தயாரிப்பு போதாமல் போகிறது. நெல்லிக்காய்ப் பொடி 0.5 சதவீதம் இங்கே உதவும். அதைவிட அதிகம் உதவுவது குளிர்ந்த தண்ணீர், காற்றோட்டம், உச்சி வெயில் நேரத்தில் தீவனத்தை எடுத்துவிட்டுக் காலையிலும் இரவிலும் கொடுப்பது.

பொட்டலத்தில் ‘100 சதவீதம் இயற்கை’ என்று இருந்தால் நம்பலாமா?

எந்த மூலிகை, எவ்வளவு, எந்த நாளில் அடைத்தது என்று இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். மஞ்சளின் நிறம் கூட்ட ஈயக் குரோமேட் கலந்த சம்பவங்கள் உண்டு, ஈயம் கோழி வழியாக மனிதருக்கு வரும். காளான் தான் வளரும் இடத்தில் உள்ள காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்து வைக்கும் இயல்புள்ளது. முழுக் கிழங்காக, முழுக் காளானாக வாங்கி நீங்களே அரைப்பது பாதுகாப்பு. ‘மூலிகை’ என்று விற்ற பொடியில் ஆன்டிபயாடிக் கலந்திருந்தால் நீங்கள் விட நினைத்ததையே காசு கொடுத்து வாங்கியிருப்பீர்கள்.

பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

‘போன பேட்ச்சைவிட நல்லா வந்திருக்கு’ என்பது சோதனை ஆகாது. போன பேட்ச்சின் குஞ்சு வேறு, வெயில் வேறு, தீவன மூட்டை வேறு.

ஒரே நாளில் வந்த குஞ்சுகளை ஒரே கொட்டகையில் வலை கட்டி நான்கு தடுப்பாகப் பிரியுங்கள். ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு தடுப்புக்கு மூலிகை, இரண்டுக்கு வெறும் தீவனம். காற்று வரும் பக்கம் முழுவதும் மூலிகைக் கோழிகளுக்குப் போய்விடக் கூடாது என்பதற்குத்தான் மாற்றி மாற்றி. குஞ்சுகளைப் பார்த்துப் பொறுக்கிப் போடாமல் கைக்கு வந்தபடி எண்ணிப் போட வேண்டும். ஒவ்வொரு தடுப்புக்கும் போன தீவனத்தை எடை போட்டு எழுதுங்கள், மிஞ்சியதைக் கழியுங்கள். இறந்த கோழியின் எடையையும் எழுதி மொத்த எடையில் சேருங்கள், இல்லாவிட்டால் அது தின்ற தீவனம் கணக்கைக் கெடுக்கும். ஒரு தடுப்பு 850 கிலோ தின்று 520 கிலோ எடை வைத்தால் எஃப்.சி.ஆர் 1.63.

மூலிகை போட்ட இரண்டு தடுப்பும் போடாத இரண்டையும்விட நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மேலே ஒன்று கீழே வந்தால் அது தற்செயல். இன்னொரு பேட்ச் பாருங்கள்.

எல்லாம் செய்தேன், ஒரு மாற்றமும் இல்லை. ஏன்?

பெரும்பாலும் தவறு மூலிகைக்கு வெகு முன்னால் இருக்கும். அடுத்த பேட்ச் இறங்கிய மறுநாள், அதாவது 24 மணி நேரம் ஆனதும், டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போங்கள். அங்கங்கே நூறு குஞ்சுகளைப் பிடித்து, கழுத்துக்குக் கீழே தீனிப்பையை இரண்டு விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஊறிய கஞ்சிபோல் மெத்தென்று நிறைந்திருந்தால் தீவனமும் தண்ணீரும் போயிருக்கின்றன. கல்லுபோல் இருந்தால் தண்ணீர் எட்டவில்லை. வெறும் பலூன்போல் இருந்தால் தண்ணீர் மட்டும் குடித்திருக்கிறது. தட்டையாக இருந்தால் இரண்டும் இல்லை. நூற்றில் 95க்குக் குறையாமல் நிறைந்திருக்க வேண்டும். எண்பதுதான் இருக்கிறதென்றால் பொடி டப்பாவை மூடி வைத்துவிட்டு, குஞ்சுகளுக்குச் சூடு தரும் புரூடரின் சூட்டையும் தண்ணீர்க் குழாயின் உயரத்தையும் அன்றிரவே சரி செய்யுங்கள்.